இயங்குதள நிறுவலை டெஸ்ட்டிலிருந்து புரொடக்‌ஷனுக்கு நகர்த்துவது: எது போகிறது, எது போகக் கூடாது

"டெஸ்ட்டில் நன்றாக ஓடுகிறது, அப்படியே புரொடக்‌ஷனுக்குக் காப்பி பண்ணிவிடலாம்." சர்வர் நிர்வாகத்துக்குப் புதிதாக வருபவர்கள் முதல் மாதத்திலேயே கேட்டுவிடும் வாக்கியம் இது. டெஸ்ட் என்பது ஒத்திகைக்கான சூழல், புரொடக்‌ஷன் என்பது மக்கள் உண்மையில் வேலை செய்யும் சூழல். ஒரு கோப்பை ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொரு ஃபோல்டருக்கு இழுத்துப் போடுவது போன்ற எளிய வேலையாக அது காதில் விழுகிறது. ‘காப்பி’ என்ற அந்த ஒரு சொல்லால்தான் பலர் இரவெல்லாம் கண்விழித்திருக்கிறார்கள். உண்மையில் அங்கே மூன்று விதமான பொருட்கள் இருக்கின்றன. ஒன்று துளியும் மாறாமல் போக வேண்டும். ஒன்று மாறியே ஆக வேண்டும். இன்னொன்று போகவே கூடாது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் மற்றதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும்.

முதலில், இது என்ன வேலை?

ஒரு கணினியில் இயங்குதளம் நிறுவுவது பலருக்கும் தெரிந்ததுதான். பென்டிரைவைச் செருகி, கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லி, கொஞ்ச நேரம் காத்திருந்தால் முடிந்தது. இதையே முந்நூறு கணினிகளுக்குச் செய்ய வேண்டும் என்றால் யாராலும் ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார முடியாது. அப்படியே உட்கார்ந்தாலும் முந்நூறும் ஒரே மாதிரி வராது. அதனால் எல்லாப் பதில்களையும் செய்ய வேண்டிய வேலைகளையும் முன்கூட்டியே எழுதி ஒரு சர்வரிடம் கொடுத்துவிடுகிறோம்.

வேலைகள் ஏறக்குறைய இந்த வரிசையில் நடக்கும். புதுக் கணினி நெட்வொர்க் வழியாக பூட் ஆகிறது. அதன் வட்டு அழிக்கப்பட்டுப் பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. இயங்குதளத்தின் இமேஜ் அதில் விரிக்கப்படுகிறது. அந்த மாடலுக்கான டிரைவர்கள், அதாவது வன்பொருளை இயங்குதளத்தோடு பேசவைக்கும் சிறு மென்பொருள்கள், சேர்கின்றன. பிறகு கணினிக்குப் பெயர் வைப்பது, டொமைனில் (நிறுவனத்தின் கணினிகளையும் பயனர் கணக்குகளையும் ஒன்றாக நிர்வகிக்கும் அமைப்பு) சேர்ப்பது, தேவையான மென்பொருள்களை நிறுவுவது. இமேஜ் என்பது ஓர் இயங்குதளத்தின் கோப்புகள் அனைத்தையும் ஒன்றாகக் கட்டிவைத்த ஒரே பெரிய கோப்பு.

இந்த வேலைகளின் தொடரை இங்கே ‘பணிவரிசை’ என்று சொல்கிறேன். பல கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் கருவியான கான்ஃபிகரேஷன் மேனேஜரில் (பலர் இன்றும் எஸ்சிசிஎம் என்றே சொல்வார்கள்) இதற்கு டாஸ்க் சீக்வென்ஸ் என்று பெயர். ரெட் ஹாட் குடும்ப லினக்ஸில் கிக்ஸ்டார்ட் கோப்பும், உபுண்டு சர்வரில் ஆட்டோஇன்ஸ்டால் கோப்பும் இதே வேலையைச் செய்கின்றன.

இரண்டாவது படியைக் கவனியுங்கள். வட்டு அழிகிறது. மற்ற மென்பொருள் வேலைகளில் தவறு நடந்தால் பழையதைத் திரும்ப வைத்துக்கொள்ளலாம். இங்கே தவறான கணினியில் பணிவரிசை ஓடிவிட்டால், அதில் இருந்தது போயே போய்விட்டது. டெஸ்ட், புரொடக்‌ஷன் என்று இரண்டு சர்வர்களைத் தனித்தனியாக வைத்துக்கொள்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். டெஸ்ட் சர்வர் என்பது அழிந்தால் யாருக்கும் வலிக்காத கணினிகளை மட்டும் பார்த்துக்கொள்ளும் ஒத்திகை மேடை. புரொடக்‌ஷன் சர்வர், மக்கள் உண்மையில் வேலை செய்யும் கணினிகளைத் தொடுவது.

இழுப்பறைச் சாவியும் காகிதக் குறிப்பும்

வெளியூர் போகும் ஒருவர் வீட்டைப் பார்த்துக்கொள்ள வருபவருக்கு ஒரு குறிப்பு எழுதி வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "மேசையின் இடது இழுப்பறையில் இருக்கும் சாவியை எடு. பின்னறை அலமாரியைத் திற. மேல் தட்டில் இருக்கும் பெட்டியை வாசலில் வை." குறிப்பில் தவறே இல்லை. அந்த வீட்டில் எத்தனை முறை பின்பற்றினாலும் வேலை நடக்கும்.

இப்போது அந்தக் காகிதத்தை இன்னொரு வீட்டுக்கு எடுத்துப் போங்கள். அங்கே மேசைக்கு இழுப்பறையே இல்லை என்றால் வந்தவர் முதல் வரியிலேயே திகைத்து நின்றுவிடுவார். அதுகூட நல்லதுதான், தவறு உடனே தெரிகிறது. ஆனால் அங்கேயும் ஓர் இடது இழுப்பறை இருந்து, அதில் வேறொரு சாவி இருந்து, அது வேறொரு கதவைத் திறந்தால்? குறிப்பின்படியே எல்லாம் நடந்திருக்கும், வாசலுக்கு வந்திருப்பது வேறு பெட்டியாக இருக்கும்.

பணிவரிசை இந்தக் காகிதத்தைப் போன்றது. அதற்குள் இமேஜ் இல்லை, டிரைவர் இல்லை, மென்பொருளும் இல்லை. ‘இன்ன இடத்தில் இருக்கும் இன்ன எண்ணுள்ள பொருளை எடு’ என்ற சுட்டுதல்கள்தான் இருக்கின்றன. கான்ஃபிகரேஷன் மேனேஜரில் இமேஜ், டிரைவர் போன்றவற்றைக் கட்டிவைத்த ஒவ்வொரு பேக்கேஜுக்கும் எட்டு எழுத்துள்ள ஓர் அடையாளம் உண்டு. முதல் மூன்று அந்தச் சர்வர் அமைப்புக்கே உரிய சைட் கோடு, அடுத்த ஐந்து வரிசை எண். டெஸ்ட் அமைப்பின் கோடு டிஎஸ்டி என்றால் அங்கே இமேஜின் அடையாளம் டிஎஸ்டி00012 என்பது போல இருக்கும். புரொடக்‌ஷனில் கோடே வேறு. அங்கே டிஎஸ்டி00012 என்று ஒன்று பிறக்கப்போவதே இல்லை.

நல்ல கருவிகளுக்கு இது தெரியும். எக்ஸ்போர்ட் செய்யும்போது பணிவரிசையோடு அது சுட்டும் பொருட்களையும் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம். மறுபக்கம் இம்போர்ட் செய்யும்போது ஒவ்வொன்றுக்கும் புது அடையாளம் கொடுத்து, பணிவரிசைக்குள் இருக்கும் சுட்டுதல்களையும் கருவியே திருத்திவிடும். ஆனால் தனக்குத் தெரிந்த இடத்தில் இருப்பதைத்தான் அது திருத்தும். பணிவரிசையின் நடுவில் நீங்கள் எழுதிச் சேர்த்த ஒரு ஸ்கிரிப்டுக்குள் (கட்டளைகளை வரிசையாக எழுதிய சிறு கோப்பு) பழைய அடையாளமோ பழைய சர்வர் பெயரோ இருந்தால், கருவிக்கு அது வெறும் எழுத்து. தொடாமல் விட்டுவிடும்.

இதுவரை பார்த்தது: பணிவரிசை ஒரு குறிப்புத் தாள். சுட்டும் பொருட்களும் கூட வர வேண்டும், சுட்டுதல்களும் புது இடத்துக்கு ஏற்பத் திருந்த வேண்டும். கருவி பாதியைச் செய்துவிடும், ஸ்கிரிப்டுகளுக்குள் ஒளிந்திருப்பது நம் பொறுப்பு.

துளியும் மாறக் கூடாதது: இமேஜ்

இங்கே பலரும் செய்யும் ஒரு தவறு இருக்கிறது. டெஸ்ட்டில் எல்லாம் சரியாக வந்ததும், ‘செய்முறைதான் நமக்குத் தெரியுமே, புரொடக்‌ஷனில் புதிதாக ஓர் இமேஜ் தயாரித்துக்கொள்ளலாம்’ என்று நினைப்பார்கள். செய்முறை அதேதான். ஆனால் இன்றைக்குத் தயாரிக்கும் இமேஜ் இன்றைய அப்டேட்டுகளை இழுத்துக்கொள்ளும். மூன்று வாரம் முன்பு சோதித்ததில் அவை இல்லை. அப்படியானால் நீங்கள் சோதித்தது வேறு, அனுப்புவது வேறு. அந்த மூன்று வாரச் சோதனைக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடுகிறது.

சோதித்த அதே கோப்பு, ஒரு பைட்கூட மாறாமல் போக வேண்டும். மாறவில்லை என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குத்தான் செக்சம். ஒரு கோப்பு முழுவதையும் கணக்கிட்டுப் பிழிந்தெடுக்கும் சின்னக் கைரேகை அது. எஸ்எச்ஏ-256 என்ற முறையில் கணக்கிட்டால், கோப்பு எத்தனை ஜிபி இருந்தாலும் 64 எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரே வரி கிடைக்கும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த வரி அடையாளம் தெரியாமல் மாறிவிடும். டெஸ்ட்டில் எடுத்த வரியையும் புரொடக்‌ஷனில் எடுத்த வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். விண்டோஸ் பவர்ஷெல்லிலும் லினக்ஸிலும் இதற்கான கட்டளை ஏற்கெனவே இருக்கிறது, எதையும் தனியாக நிறுவ வேண்டாம்.

படிகளின் வரிசையும் அப்படியேதான் போக வேண்டும். ‘போகிற போக்கில் இந்த ஒரு படியை மட்டும் இங்கே சேர்த்துவிடலாம்’ என்று புரொடக்‌ஷனில் வைத்துச் சேர்த்தால், சோதிக்காத பணிவரிசை ஒன்று பிறந்துவிட்டது என்று பொருள்.

மாறியே ஆக வேண்டியவை

சர்வர் பெயர்கள், பகிர்ந்த ஃபோல்டர்களின் பாதைகள், டொமைனின் பெயர், அதற்குள் கணினி எந்தப் பிரிவில் சேர வேண்டும் என்பது, டொமைனில் சேர்க்கும் கணக்கு, அதன் கடவுச்சொல், உரிமச் சாவி. இவை எல்லாம் இடத்தைச் சேர்ந்தவை. டெஸ்ட்டில் இருந்த மதிப்பு புரொடக்‌ஷனில் தவறு.

கடவுச்சொற்களைப் பொறுத்தவரை கான்ஃபிகரேஷன் மேனேஜர் தெளிவாக நடந்துகொள்கிறது. பணிவரிசைக்குள் சேமித்த கடவுச்சொற்களை எக்ஸ்போர்ட்டில் சேர்ப்பதே இல்லை. இம்போர்ட் முடிந்ததும் நாமே திறந்து, புரொடக்‌ஷனுக்கான கடவுச்சொல்லை எழுத வேண்டும். இது தெரியாதவர்கள், "எல்லாம் நடந்தது, டொமைனில் மட்டும் சேரவில்லை" என்று நாள் முழுக்கத் தேடுவார்கள். வேறு கருவிகளில் கடவுச்சொல் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கலாம். அப்போது டெஸ்ட் கடவுச்சொல்லும் கூடவே பயணம் போய்விடும்.

பாதைகள் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு பணிவரிசையை நகர்த்தினோம். எல்லாம் சரியாக ஓடியது, மூன்று கணினிகள் தயாராயின, மகிழ்ச்சியாக முடித்துக்கொண்டோம். ஆறு வாரம் கழித்து ஒரு காலையில் எல்லா நிறுவல்களும் ஒரே படியில் வந்து நின்றன. புரொடக்‌ஷன் சர்வரில் யாரும் எதையும் மாற்றவில்லை. கடைசியில் பார்த்தால், ஒரு ஸ்கிரிப்டின் நடுவில் டெஸ்ட் சர்வரின் ஃபோல்டர் பாதை அப்படியே இருந்திருக்கிறது. இரண்டு சர்வர்களும் ஒரே நெட்வொர்க்கில் எட்டும் தூரத்தில் இருந்ததால், ஆறு வாரமாகப் புரொடக்‌ஷன் கணினிகள் டெஸ்ட் சர்வரிலிருந்து கோப்பை எடுத்துக்கொண்டிருந்தன. டெஸ்ட் சர்வரைப் புதிதாக அமைப்பதற்காக அணைத்த அன்று குட்டு வெளிப்பட்டது. அன்றிலிருந்து, எதை நகர்த்தினாலும் முதல் ஓட்டத்தின்போது டெஸ்ட் சர்வரை எட்ட முடியாதபடி துண்டித்துவிட்டுத்தான் பார்ப்பேன். அது எட்டாத நிலையில் ஓடினால்தான் உண்மையில் நகர்ந்திருக்கிறது.

இதற்கு நல்ல வழி, இடத்தைச் சேர்ந்த மதிப்புகளைப் படிகளுக்குள் நேரடியாக எழுதாமல் இருப்பது. ‘இன்ன சர்வரிலிருந்து எடு’ என்று எழுதுவதற்குப் பதிலாக, ‘கோப்புச் சர்வர் என்ற மாறியில் என்ன பெயர் இருக்கிறதோ, அங்கிருந்து எடு’ என்று எழுதுவது. மாறி என்பது மதிப்பை வைத்துக்கொள்ளும் ஒரு பெயர், அவ்வளவுதான். எல்லா மாறிகளையும் ஒரே இடத்தில் வைத்தால், பணிவரிசை இரண்டு பக்கமும் ஒரே எழுத்தாக இருக்கும், மாறிகளின் பட்டியல் மட்டும் வேறுபடும். நகர்த்தும் நாளில் எதை மாற்ற வேண்டும் என்று தேட வேண்டாம், ஒரு பக்கப் பட்டியலைத் திறந்தால் போதும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பூட் இமேஜ், அதாவது வட்டில் எதுவும் இல்லாத கணினி முதலில் ஏற்றிக்கொள்ளும் சின்ன இயங்குதளம், தனக்குள்ளேயே ‘எந்தச் சர்வரிடம் பேச வேண்டும்’ என்ற தகவலை வைத்திருக்கலாம். மைக்ரோசாஃப்ட் டிப்ளாய்மென்ட் டூல்கிட்டில் சர்வரின் பாதை பூட்ஸ்டிராப் என்ற சிறு அமைப்புக் கோப்பில் இருக்கும். அந்தக் கோப்பு பூட் இமேஜுக்குள்ளேயே போய்விடும். வெளியே கோப்பைத் திருத்தினால் போதாது, பூட் இமேஜை மறுபடி உருவாக்க வேண்டும். ‘திருத்திவிட்டேன், ஆனாலும் பழைய சர்வருக்கே போகிறது’ என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சரி, இதுவரை: இமேஜும் படிகளும் மாறாமல் போகின்றன. பெயர், பாதை, கணக்கு, கடவுச்சொல் ஆகியவை புது இடத்துக்கு ஏற்ப மாறுகின்றன. மாற வேண்டியவற்றை முன்பே ஓரிடத்தில் ஒதுக்கிவைத்தால் வேலை சுலபம்.

போகவே கூடாதது: யாருக்கு, எப்போது

பணிவரிசை ‘என்ன செய்ய வேண்டும்’ என்பதைச் சொல்கிறது. ‘எந்தக் கணினிகளில், எப்போது, கட்டாயமாகவா விருப்பத்தின் பேரிலா’ என்பது தனிக் கட்டளை. டெஸ்ட்டில் ‘எல்லாக் கணினிகளுக்கும், உடனே, கட்டாயமாக’ என்று அமைப்பது சகஜம். அங்கே எல்லாக் கணினிகளும் என்றால் ஐந்து மெய்நிகர்க் கணினிகள், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய கணினிகள். அதே சொற்கள் புரொடக்‌ஷனில் வேறு பொருள் தருகின்றன.

2014 மே மாதம் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் நடந்ததை இந்தத் துறையில் இன்றும் பேசுகிறார்கள். ஒரு விண்டோஸ் 7 நிறுவல் தவறுதலாக எல்லா விண்டோஸ் கணினிகளுக்கும் போய்விட்டது. மேசைக் கணினிகள், மடிக்கணினிகள், சர்வர்கள் உட்பட. அதன் தொடக்கப் படிகள் வட்டைப் பிரித்து அழிப்பவை. தவறு தெரிந்ததும் நிர்வாகச் சர்வரை அணைத்தார்கள். அதற்குள் அந்தச் சர்வரின் வட்டே அழிக்கப்பட்டிருந்தது. பணிவரிசையில் பழுது எதுவும் இல்லை, அது சொன்ன வேலையைச் சரியாகச் செய்தது. போய்ச் சேர்ந்த இடம்தான் தவறு.

கான்ஃபிகரேஷன் மேனேஜரில் பணிவரிசையை எக்ஸ்போர்ட் செய்தால் யாருக்கு என்ற கட்டளை கூட வராது. அது சரியான வடிவமைப்பு. ஆனால் சிலர் நேரம் மிச்சம் என்று டெஸ்ட் சர்வரின் பேக்கப்பை எடுத்து அதையே புரொடக்‌ஷன் சர்வராக எழுப்பப் பார்ப்பார்கள். அதோடு பழைய கட்டளைகள், பழைய கால அட்டவணைகள், பழைய கணினிக் குழுக்கள் எல்லாம் உயிர்பெற்று எழுந்துவிடும். அதைச் செய்யாதீர்கள். இலக்கு ஒவ்வொரு முறையும் புரொடக்‌ஷனில், கையால், புதிதாக அமைக்கப்பட வேண்டும். அமைப்பவர் ஒருவர், ‘இந்தக் குழுவில் எத்தனை கணினிகள்?’ என்று கேட்டு எண்ணைச் சரிபார்ப்பவர் இன்னொருவர் என்று இருந்தால் இன்னும் நல்லது. ஒரு குழுவில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் கணினிகள் இருந்தால் எச்சரிக்கவும் தடுக்கவும் இன்றைய கான்ஃபிகரேஷன் மேனேஜரில் வசதி உண்டு. அதைப் போட்டுவையுங்கள்.

நெட்வொர்க்கும் டிரைவரும்

மேலே சொன்ன எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் முதல் கணினி எழவில்லை என்றால், பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு.

வட்டில் எதுவும் இல்லாத கணினி நெட்வொர்க் வழியாக பூட் ஆகும் முறைக்கு பிஎக்ஸ்இ என்று பெயர். அந்தக் கணினிக்கு யாருடைய முகவரியும் தெரியாது. அதனால் கூட்டத்தில் நின்று ‘எனக்கு முகவரி தருபவர், பூட் செய்யக் கோப்பு தருபவர் யாராவது இருக்கிறீர்களா?’ என்று பொதுவாகக் கூவுகிறது. இந்தக் கூவல் ஒரு நெட்வொர்க் பிரிவைத் தாண்டிப் போகாது. டெஸ்ட்டில் கணினியும் சர்வரும் பெரும்பாலும் ஒரே பிரிவில் இருப்பதால் பிரச்சினையே தெரியாது. புரொடக்‌ஷனில் பல பிரிவுகள் இருக்கும், நடுவில் ரவுட்டர்கள் இருக்கும். கூவலைச் சர்வரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி ரவுட்டர்களில் அமைக்க வேண்டும். நெட்வொர்க் குழு அதை ஐபி ஹெல்பர் என்று சொல்லும்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. டெஸ்ட் சர்வரும் புரொடக்‌ஷன் சர்வரும் ஒரே பிரிவில் இருந்தால், கூவலுக்கு எது முதலில் பதில் சொல்லும் என்று உறுதியில்லை. இன்றைக்குச் சரியாக ஓடும், நாளைக்கு டெஸ்ட்டிலிருந்து இமேஜ் வந்திறங்கும். இரண்டையும் வேறு வேறு பிரிவில் வைப்பதுதான் நிம்மதி.

டிரைவர் விஷயம் சுருக்கமானது. மெய்நிகர்க் கணினியில் மட்டும் சோதித்தால் உண்மையான வன்பொருளைச் சோதித்ததாக ஆகாது. பூட் இமேஜில் அந்த மாடலின் நெட்வொர்க் அட்டைக்கான டிரைவர் இல்லையென்றால், கணினி எழுந்து, திரை தோன்றி, சர்வரைக் காணாமல் அப்படியே ரீஸ்டார்ட் ஆகிவிடும். புரொடக்‌ஷனில் இருக்கும் ஒவ்வொரு மாடலிலும் ஒன்றையாவது டெஸ்ட் பக்கம் வாங்கி வைக்க வேண்டும். இதற்கு மாற்று வழி எனக்குத் தெரிந்து கிடையாது.

வந்து சேர்ந்த பிறகு

இம்போர்ட் முடிந்தது. பழைய பணிவரிசையின் மேல் புதியதை எழுதிவிடாதீர்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், பெயரில் பதிப்பு எண்ணோடு இருக்கட்டும். புதியது சொதப்பினால் அடுத்த கணினிக்குப் பழையதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

முதல் ஓட்டம் ஒரே ஒரு கணினியில், முன்னால் ஆள் உட்கார்ந்திருக்க நடக்க வேண்டும். கட்டாயம் என்று அமைக்காமல், திரையில் ஒருவர் தேர்ந்தெடுத்தால் மட்டுமே ஓடும்படி அமைக்க வேண்டும். முடிந்ததும் ‘வெற்றி’ என்ற செய்தியோடு நிறுத்திக்கொள்ளாமல் பதிவுக் கோப்பைத் திறந்து படியுங்கள். அதில் டெஸ்ட் சர்வரின் பெயர் எங்கேயாவது வருகிறதா என்று தேடுங்கள். அப்புறம் ஐந்து கணினிகள், ஒரு சில நாட்கள் இடைவெளி, பிறகு ஒரு சிறு குழு, அதற்குப் பிறகு மற்றவை. இடைவெளி முக்கியம். சில பிழைகள் நிறுவும்போது தெரியாது, பயன்படுத்துபவர் இரண்டாம் நாள் உள்ளே நுழையும்போதுதான் தலைகாட்டும்.

புரொடக்‌ஷனில் ஏதாவது ஒரு சின்னத் திருத்தம் அவசரமாகத் தேவைப்படும் நாளும் வரும். செய்துதான் ஆக வேண்டும், யாரும் காத்திருக்க மாட்டார்கள். அந்தத் திருத்தத்தை அன்று மாலைக்குள் டெஸ்ட்டிலும் செய்துவிடுங்கள். செய்யாமல் விட்டால், அடுத்த பதிப்பை டெஸ்ட்டிலிருந்து நகர்த்தும்போது அந்தத் திருத்தம் காணாமல் போகும், தீர்ந்துபோன பிரச்சினை மறுபடி வரும். இன்னும் சில மாதம் இப்படியே போனால் இரண்டு சர்வர்களும் வேறு வேறாகிவிடும். அப்போது டெஸ்ட்டில் ஒன்று ஓடியது என்பதை வைத்துப் புரொடக்‌ஷனைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.